லெஷான் புத்தரையும் எமெய் மலையையும் முதுகுப்பையோடு மூன்று நாளில் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் அதில் இரண்டு நாட்களை மலைக்கே ஒதுக்குங்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவிலிருந்து லெஷானுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும்.

மூன்று ஆறுகள் கூடுமிடத்தில், படகுகளைக் கவிழ்த்துவந்த நீரோட்டத்தை அடக்க வேண்டி ஹைத்தோங் என்ற துறவி 713இல் தொடங்கிய இந்த 71 மீட்டர் உயர மைத்ரேயர் (வருங்காலப் புத்தர்) சிலை, அவர் மறைந்து வெகுகாலம் கழித்து 803இல்தான் நிறைவடைந்தது. படகிலிருந்து பார்த்தால் முழு உருவமும் தெரியும் என்றாலும், பாறையில் வெட்டிய செங்குத்தான படிகளில் இறங்கிப் பாதத்தருகே நின்று அண்ணாந்து பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். இறங்கும் முன் தலையின் சுருள்முடியைக் கவனியுங்கள்: மழைநீர் கல்லை அரிக்காமல் வடிந்துபோவதற்கான கால்வாய்கள் அந்தச் சுருள்களுக்கிடையே மறைந்திருக்கின்றன.

எமெய்யின் பொன்முகடு என்ற உச்சி 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பேருந்தும் ரோப்காரும் உண்டு. நடந்தே ஏறுவோர் வழியிலுள்ள மடாலயத்தில் இரவு தங்கலாம். வான்நியன் கோயிலில், ஆறு தந்தங்கள் கொண்ட வெள்ளை யானையின்மீது அமர்ந்திருக்கும் சமந்தபத்திரர் என்ற போதிசத்துவரின் வெண்கலச் சிலையை, 980இல் வார்க்கப்பட்ட அந்த அற்புதத்தை, தவறவிடாதீர்கள். மலைப்பாதையில் குரங்குகள் பையைப் பறிக்கும் என்பதால் தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம். உச்சியில் கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும்.