துப்புரவாக்கப்பட்ட உலகங்கள்: கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் தம்பிலுவிலில் வசிக்கும் ஒரு தமிழாசிரியன். பெயரை வெளியிட வேண்டாம். என் மகன் டிசி, மார்வெல் என்ற அமெரிக்க நிறுவனங்களின் காமிக்ஸ்களில் மூழ்கிக் கிடக்கிறான். அவனோடு பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று நானும் வாசிக்கத் தொடங்கினேன். தலை சுற்றுகிறது. ஓர் இதழில் செத்தவர் இன்னோர் இதழில் உயிரோடு நிற்கிறார். கேட்டால் அது வேறு பூமி என்கிறான். சூப்பர்கேர்ளின் கதையை மட்டும் நான்கு விதமாகச் சொல்கிறான். இவற்றில் எது உண்மையான கதை? சரியான வாசிப்பு வரிசை ஒன்றைத் தர முடியுமா? ஒரே சரக்கைத் திரும்பத் திரும்ப விற்கும் வியாபாரத் தந்திரம்தானே இது? மார்வெல் ஒரே உலகத்தோடு ஒழுங்காக நடக்கிறது, டிசிதான் குழப்புகிறது என்று மகன் சொல்வது சரியா? இலக்கிய வாசகன் ஒருவன் இதற்கெல்லாம் நேரம் செலவழிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், தம்பிலுவில்

*

அன்புள்ள தம்பி,

பிள்ளை வாசிக்கும் புத்தகத்தைப் பறித்து அலுமாரிக்கு மேல் வைக்கும் தகப்பன்மாரைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். அவன் வாசிப்பதைத் தானும் வாசித்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று எழுதும் தகப்பனுக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியாது. நம் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரையை வேறொரு வேலைக்காக மீண்டும் எடுத்துவைத்துக்கொண்டு, நீங்கள் கேட்டிருப்பதற்கு மிக அருகிலான ஒன்றை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்ததும் ஒரு காரணம்.

இலக்கிய வாசகன் எதை வாசிக்கலாம் என்று அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும் உத்தியோகம் என்னிடம் இல்லை. வியாபாரத் தந்திரமா என்றால், ஆம், வியாபாரம்தான். இதழ் அச்சிடுகிறவர் விற்கத்தான் அச்சிடுகிறார். அதைச் சொல்லிவிட்டதால் ஒரு கதையைப் பற்றி எதையும் சொல்லிவிட்டதாக ஆகாது. வாசிப்பு வரிசையும் தரப்போவதில்லை. உங்கள் மகனுக்கு அது ஏற்கெனவே தெரியும். அவனிடம் கேட்க வெட்கப்பட்டுத்தான் என்னிடம் கேட்கிறீர்கள்.

என்னைச் சீண்டியது "எது உண்மையான கதை?" என்ற கேள்வி. மற்ற எவரும் கேட்கலாம், தம்பிலுவில்காரர் அதைக் கேட்கக்கூடாது. வகுப்பில் சிலப்பதிகாரம் படிப்பிக்கும்போது கண்ணகி மாநாய்கனின் மகள் என்று கரும்பலகையில் எழுதுகிறீர்கள். வைகாசிச் சடங்கு வந்துவிட்டால் அதே நீங்கள் உங்களூர் அம்மன் கோயில் முன்றலில் அமர்ந்து, பாண்டியனை அழிப்பதற்காக அவள் மாங்கனியாகத் தோன்றியதையும், பேழையில் இட்டுக் கடலில் விடப்பட்டதையும், பூம்புகார் வணிகர் கையில் அகப்பட்டதையும் வழக்குரைப் பாட்டாகக் கேட்கிறீர்கள். இந்த இரண்டு பிறப்புகளில் ஒன்றை அடித்துவிடுங்கள் என்று பூசை செய்யும் கட்டாடியாரிடம் போய் எப்போதாவது கேட்டதுண்டா? பரீட்சைத் தாளில் மாங்கனியை எழுதினால் புள்ளி கிடைக்காது என்பதும், சடங்கின் குளிர்த்திப் பாடலில் மாநாய்கன் பெற்ற மகளைத் தேடக்கூடாது என்பதும் உங்கள் மாணவருக்குத் தெரியும். அவர்களில் எவருக்கும் தலை சுற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

டிசி நிறுவனத்தார் முதலில் செய்தது இதைத்தான், அதுவும் நல்ல மனத்தோடு. மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷ் என்ற நாயகனை 1940இல் எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ். அந்த ஃப்ளாஷின் பெயர் ஜே கேரிக். காலப்போக்கில் அவனது இதழ் நின்றுபோயிற்று. 1956இல் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸின் பொறுப்பில் அதே பெயரோடு பேரி ஆலன் என்ற புது ஃப்ளாஷ் வந்தான். அவனோ ஜே கேரிக்கைப் பழைய காமிக்ஸ் ஒன்றில் வாசித்து ரசித்தவன். இப்போது பழையவனை என்ன செய்வது? இல்லாமலே ஆக்கிவிட்டிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1961இல் ஷ்வார்ட்ஸ் அந்தக் கதையை எழுதும் வேலையை ஃபாக்ஸிடமே கொடுத்தார். சிறுவர்களுக்கு வித்தை காட்டும்போது அதிவேகமாக அதிர்ந்து மறையும் பேரி, அதே இடத்தில் வேறோர் அதிர்வில் இருக்கும் இன்னொரு நகரத்தில் போய் நிற்கிறான். தொலைபேசிப் புத்தகத்தில் தேடி ஜே கேரிக்கின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். நெற்றியோரம் நரைத்த ஜே மனைவியோடு ஓய்வாக இருக்கிறான். உன் உலகத்துச் செய்திகள் எங்கள் உலகத்து எழுத்தாளர் ஒருவரின் கனவில் போய் விழுந்திருக்க வேண்டும், அவர் பெயர் கார்ட்னர் ஃபாக்ஸ் என்று பேரி விளக்குகிறான். தன்னுடைய முதல் பிள்ளையைச் சாகவிட மனமில்லாத ஓர் எழுத்தாளன் அவனுக்கு ஒரு முழுப் பூமியையே எழுதிக் கொடுத்தான். இணை உலகங்கள் இந்தக் காமிக்ஸ்களில் நிலைபெற்றது இந்தக் கதையிலிருந்துதான். இதில் என்ன தந்திரத்தைக் கண்டீர்கள்?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. களுதாவளையில் என் மச்சான் ஒருவரிடம் முத்து காமிக்ஸ் கட்டொன்று இருந்தது. தலைமன்னார்க் கப்பலில் இந்தியாவுக்குப் போய்வந்த உறவினர் கொண்டுவந்தவை. 1978 நவம்பரில் சூறாவளி எங்கள் கூரையைக் கழற்றிக்கொண்டு போனபோது அந்தக் கட்டும் நனைந்து ஊறிவிட்டது. வெயில் வந்ததும் மச்சான் பக்கம் பக்கமாக உரித்து மணலில் காயப் போட்டார். மிஞ்சியவை இரும்புக்கை மாயாவியில் கொஞ்சம், லாரன்ஸ்–டேவிட்டில் கொஞ்சம், ஜானி நீரோவில் கொஞ்சம். பக்க எண் அழிந்த இடங்களில் கையில் வந்தபடி அடுக்கி, சாக்கு ஊசியால் தைத்து, சீமெந்துப் பைக் கடதாசியில் அட்டை போட்டு ஒரே புத்தகமாக்கினார். மாயாவி மின்கம்பியைத் தொட்டு மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் படம் ஒரு பக்கத்தில். அடுத்த பக்கத்தில் லாரன்ஸ் பரசூட்டில் இறங்குகிறான். கண்ணுக்குத் தெரியாத மாயாவிதான் மேலே நின்று பரசூட்டை இழுத்துப் பிடிக்கிறான் என்று நாங்கள் தீர்மானித்தோம். இல்லை, அது வேறு கதை என்று பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் சொன்னான். அவனை நாங்கள் கொஞ்ச நாள் விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை.

அந்தப் பெடியனின் வழியில் வந்தவர்கள்தான் 1985இல் டிசியில் அமர்ந்திருந்தார்கள். பூமி ஒன்று, பூமி இரண்டு என்று உலகங்கள் பெருகிவிட்டன, புதிய வாசகர் மிரள்கிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம். மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைய, பன்னிரண்டு இதழ்களில் எல்லா உலகங்களையும் அழித்து ஒன்றாக்கினார்கள். அந்தத் தொடரின் ஓவியத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒரே பக்கத்தில் நூறு முகங்களை வரைந்து ஒவ்வொன்றுக்கும் தனி உணர்ச்சி கொடுக்கப் பெரெஸைப் போல் இன்னொருவர் இல்லை. ஆனால் அந்தத் துப்புரவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஏழாவது இதழில் சூப்பர்கேர்ள் சாகிறாள், எட்டாவதில் பேரி ஆலன். பேரியாவது வீரனாக நினைவில் வைக்கப்பட்டான். சூப்பர்கேர்ளுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. கிரிப்டன் கிரகத்தில் மிஞ்சியவன் சூப்பர்மேன் ஒருவனே என்ற புதிய சட்டம் 1986இல் வந்தபோது, 1959 முதல் அவனுடைய சித்தப்பா மகளாக இருந்த காரா என்ற இந்தச் சூப்பர்கேர்ள் இறந்தாள் என்பதுகூட இல்லாமல் போய், அவள் பிறக்கவே இல்லை என்றாகிவிட்டது. அவளுக்காக அழுதவர்களுக்கும் யாருக்காக அழுதோம் என்ற நினைவு இல்லை.

சரி, உலகம் துப்புரவாயிற்றா? நிறுவனத்துக்குச் சூப்பர்கேர்ள் வேண்டும், சட்டமோ அவளை விடாது. ஆகவே 1988இல் வேறொரு சிறிய உலகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்ட, உருமாறும் உயிரொன்றைக் கொண்டுவந்து சூப்பர்கேர்ள் என்றார்கள். கவனியுங்கள், வேறு உலகமே இல்லை என்று அறிவித்து இரண்டு வருடங்கள்தான் கடந்திருந்தன. 1996இல் அந்த உயிரை லிண்டா டான்வர்ஸ் என்ற பெண்ணோடு ஒட்டவைத்தார்கள். 2004இல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கிரிப்டனிலிருந்து வந்த காராவை முதன்முறையாக வருகிறவளைப் போல மீண்டும் இறக்கினார்கள். மகன் சொன்ன நான்கு கதைகள் இவைதாம். நான்கில் மூன்று, உலகங்கள் பல இருந்ததால் பிறந்தவை அல்ல; உலகம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் பிறந்தவை. இரண்டாம் பூமியின் காராவான பவர்கேர்ளின் நிலை இன்னும் பரிதாபம். அவளுடைய பூமி அழிந்தும் அவள் எப்படியோ தப்பிவிட்டாள். வந்த இடம் சொல்ல வழியில்லாததால் அட்லாண்டிஸ் மந்திரவாதி ஒருவரின் வம்சம் என்று கையில் ஒரு பொய்ப் பிறப்புச் சான்றிதழைத் திணித்தார்கள். டோனா ட்ராய், ஹாக்மேன் ஆகியோரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால் எனக்கே மூச்சு வாங்கும். அவர்களை மகனிடம் கேளுங்கள்.

அந்தத் துப்புரவுக்கு வந்த மிக நல்ல பதில் 1989இல் அதே நிறுவனம் வெளியிட்ட கிறிஸ்மஸ் சிறப்பிதழில் இருக்கிறது. ஆலன் பிரென்னர்ட் எழுதிய சில பக்கக் கதை. டெட்மேன் என்பவன் செத்துப்போன சர்க்கஸ்காரனின் ஆவி. உயிருள்ளவர் உடம்புக்குள் புகுந்தால்தான் அவனால் எதையும் தொட முடியும், சுவைக்க முடியும். பண்டிகை இரவில் ஊரே களித்திருக்க, தான் செய்த நன்மைகளை ஒருவரும் அறிவதில்லையே என்று புழுங்குகிறான். அப்போது பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண் வந்து அவனோடு பேசுகிறாள். புகழுக்காகவா செய்தாய், செய்ய வேண்டியிருந்ததால் செய்தாயா என்று கேட்டு அவனை உலுப்புகிறாள். போகும்போது பெயரைக் கேட்கிறான். காரா என்கிறாள், அந்தப் பெயர் உனக்கு ஒன்றையும் உணர்த்தாது என்றும் சொல்கிறாள். சூப்பர்கேர்ள் என்ற சொல் அந்தக் கதையில் எங்கும் இல்லை. சட்டத்தை ஓர் எழுத்துக்கூட மீறாமல், சட்டத்தால் அழிக்கப்பட்டவளைக் கொண்டுவந்து பக்கத்தில் அமர்த்திவிட்டார் பிரென்னர்ட். நீங்கள் கேட்கும் நேர்த்தியான வரிசையில் இந்தக் கதைக்கு இடமே கிடையாது, தம்பி. வரிசைப்படி பார்த்தால் அந்த இரவில் அங்கே யாரும் வரவில்லை.

மார்வெல் ஒழுங்காக நடக்கிறது என்ற மகனின் வாதத்துக்கு வருகிறேன். பெரிய அழிவு எதையும் காட்டாமல் அவர்கள் கடிகாரத்தைச் சத்தமில்லாமல் நகர்த்துகிறார்கள், அவ்வளவுதான். 1963இல் டோனி ஸ்டார்க் வியட்நாமில் காயப்பட்டுச் சிறைப்பட்டபோதுதான் அயர்ன்மேன் ஆனான். ஆண்டுகள் ஓட, வியட்நாமில் அடிபட்டவன் கிழவனாகியிருக்க வேண்டுமே என்ற சிக்கல் வந்தது. பிற்பாடு ஆப்கானிஸ்தான் என்றார்கள். 2019இல் சியான்கொங் என்ற, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு கற்பனை நாட்டை எடுத்து, அங்கே நடந்ததாக ஒரு போரையும் எழுதி, வியட்நாமில் நடந்தவற்றை அதற்குள் மாற்றிவைத்தார்கள். நாயகனுக்கு வயதேறக்கூடாது என்பதற்காக, உண்மையாக மனிதர் செத்த ஒரு போரை நகர்த்திவிட்டு, எவரும் சாகாத ஒரு போரை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். போரைக் கண்ட மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்துகொண்டு இதை ஒழுங்கு என்று சொல்ல என்னால் முடியாது. டிசி தன் உலகங்களை அழித்ததையாவது வாசகர் கண்முன் அழித்தது.

அதே மார்வெலில் ஒருவரை மட்டும் இப்படி நகர்த்த முடியவில்லை. எக்ஸ்-மென் கதைகளில் வரும் மாக்னீட்டோ. அவன் சிறுவயதில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமில் தன் குடும்பத்தை இழந்தவன் என்று கிறிஸ் கிளேர்மான்ட் 1981இல் எழுதிவிட்டார். கற்பனை நாட்டு முகாம் ஒன்றுக்கு அதை மாற்ற எவருக்கும் துணிவு வரவில்லை, வரவும்கூடாது. அப்படியானால் அவன் எப்படி இன்னும் திடகாத்திரமாக இருக்கிறான்? 1974இல் வேறு ஏதோ தேவைக்காக எழுதப்பட்ட ஓர் அசட்டுக் கதையில் அவன் கைக்குழந்தையாக்கப்பட்டிருந்தான். சில வருடம் கழித்து இன்னொரு கதையில் அவனை முழு ஆளாக வளர்த்தெடுத்தபோது, நடுவயதுக்கு முந்திய கட்டுடல் வாய்த்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை சமாளிக்கிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கும் முடிச்சுதான். ஆனால் அந்த முடிச்சு இருப்பதனால்தான் ஆஷ்விட்ஸ் அதன் இடத்திலேயே இருக்கிறது. அதை அவிழ்த்து நேராக்கித் தரும்படி கேட்டு உங்கள் மகன் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுத நினைத்தால், தயவுசெய்து முத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்.