காசிமேட்டுப் படகும் கடைப்படமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் நண்பனும் ‘விடியல் ஏலம்’ என்று ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். ராத்திரி படகெடுத்துப் போய் மீன் பிடித்து, விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் விட்டுக் கடனை அடைக்கவேண்டும். கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் திறந்தாயிற்று. நிறையப் பேர் கண்ணில் படுகிறது என்று கணக்கு சொல்கிறது, ஆனால் உள்ளே வருகிறவர்கள் மிகக் குறைவு. கடையில் கேமுக்கு முகமாக நிற்கும் படத்தை வண்ணாரப்பேட்டையில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் அண்ணன் போட்டுக்கொடுத்தார். இரவுக் கடல், பதினான்கு படகுகள், கதாநாயகி, அவள் தம்பி, கலங்கரை விளக்கம், எண்ணூர் புகைபோக்கி, ஓரத்தில் ஒரு போட்டியில் தேர்வான முத்திரை. தமிழ்ப் பெயரை விடமாட்டோம் என்பது எங்கள் பிடிவாதம். எங்கே தப்பு? மீன்பிடித் தடைக்காலத்தை வைத்து ஒரு அப்டேட் விடப்போகிறோம், அதற்குப் படத்தை மாற்றலாமா?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

படத்தைப் பார்த்தேன். வரைந்தவருக்கு நல்ல கை. ஆனால் அவர் பத்தடி பேனருக்கு வரைந்திருக்கிறார், ஸ்டீம் அதைப் பாதித் தீப்பெட்டி அளவில் காட்டுகிறது. கடையில் கேமைக் காட்டும் இந்தப் படங்களை ஸ்டீம் கேப்சூல் என்கிறது. சின்ன கேப்சூலை நீங்கள் 462க்கு 174 பிக்சலில் ஏற்றுகிறீர்கள். அதிலிருந்து கடை தானாகவே 184க்கு 69, 120க்கு 45 என்று இரண்டு குட்டிப் படங்கள் செய்துகொள்கிறது. 120 பிக்சல் அகலத்தில் பதினான்கு படகு என்றால் படகுக்கு எட்டுப் பிக்சல். அது கரும்புள்ளிதான்.

ஆகவே வேலையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். முதலில் சின்னதை வரையுங்கள். 120க்கு 45க்குச் சுருக்கிப் பார்த்து, அங்கே நிற்கிறதை மட்டும் வைத்துப் பெரியதற்குப் போங்கள்.

அந்த அளவில் நிற்பது ஒரு ஆளும் ஒரு பொருளும். உங்கள் விளையாட்டின் உயிர் ஏலம். ஆனால் இப்போதைய படத்தில் ஏலமே இல்லை. அதைப் பார்க்கிறவர் கப்பல் சண்டை என்றோ கடல் திகில் கதை என்றோ நினைத்துக்கொண்டு கடந்துவிடுவார். கதாநாயகி ஒரு பெரிய வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து விலை கூவட்டும், வாய் திறந்திருக்கட்டும், பின்னால் ஒரே ஒரு படகின் முகப்பு போதும். நீளமான வெள்ளி மீன் எந்த அளவிலும் மீனாகவே தெரியும். தம்பியும் கலங்கரை விளக்கமும் பெரிய படங்களில் வரலாம்.

அடுத்தது நிறம். ஸ்டீம் கடையின் பின்னணியே கருநீலம். உங்கள் படத்தின் நான்கு ஓரமும் இரவுக் கடலின் கருநீலம். சட்டம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் படம் பக்கத்துக்குள் கரைந்துபோகிறது. கேமின் பெயரிலேயே விடியல் இருக்கிறதே, அந்த மஞ்சளையும் ஆரஞ்சையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் கடல் கிழக்கே இருக்கிறது. துறைமுகத்தில் நின்று கடலைப் பார்த்து வரைந்தால் சூரியன் அவள் முதுகுக்குப் பின்னால் வரும், முகம் இருட்டாகிவிடும். கடலில் இருந்து கரையைப் பார்ப்பதுபோல் வரையுங்கள். வெளிச்சம் நேராக முகத்திலும் மீனிலும் விழும். மேற்கு வானம் அப்போது இன்னும் நீலமாக இருக்கும், அதன்மேல் ஆரஞ்சு முகம் எடுத்துக்காட்டும். எண்ணூர்ப் பக்கம் வலது கைக்கு வரும். புகைபோக்கியை இடதுபுறம் போட்டால் திருவொற்றியூர்க்காரர் ஒருவராவது கேட்பார், கேட்கவும் வேண்டும். வரைந்து முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். முகமும் மீனும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் ஏமாற்றியிருக்கிறது, வெளிச்சத்தைத் திருத்துங்கள்.

இனி பெயர். உங்கள் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. மொழிக்கு மொழி தனிப் படம் ஏற்ற ஸ்டீமில் வழி உண்டு. ஆனால் கடையின் முகப்பு மொழிகளில் தமிழ் இல்லை. தமிழ் ஆட்டக்காரரும் ஆங்கில முகப்பில்தான் பார்க்கிறார். எனவே ஆங்கிலத்துக்கு ஏற்றும் படத்திலேயே தமிழ் இருந்தாகவேண்டும். சின்ன கேப்சூலில் தமிழ், ரோமன் என்று இரண்டு வகை எழுத்துக்கும் இடமில்லை. அதில் மட்டும் ரோமன் எழுத்தை வைத்து, மற்ற எல்லாவற்றிலும் தமிழைப் பெரிதாக மேலேயும் ரோமனைச் சிறிதாகக் கீழேயும் வைப்பேன்.

தமிழை ஒரே வரியில் எழுதாதீர்கள். ‘விடியல்’ மேலே, ‘ஏலம்’ கீழே என்று இரண்டு வரி. ஃபான்டை அப்படியே போட்டால் ‘ம்’ புள்ளி மேல்வரி ‘ல்’லின் அடியில் ஒட்டும். சுருக்கும்போது புள்ளிகள் முதலில் காணாமல் போகும், ‘விடியல’ ஆகிவிடும். அதைவிட மோசம் ‘ஏ’வின் கால். அந்தக் கீற்று மங்கினால் ‘எலம்’ என்று படிக்கும். எழுத்தை அவுட்லைனாக மாற்றி, புள்ளியை ஒன்றரை மடங்காக்குங்கள், ஏகாரக் காலைத் தடித்து நீட்டுங்கள், ‘வி’, ‘டி’ கொக்கிகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தை அகட்டுங்கள். எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் வேண்டாம், அது அந்த வெற்றிடத்தைத்தான் முதலில் அடைக்கும். ஃபான்டை விற்பனைக்குப் பயன்படுத்த உரிமம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

முத்திரையை இன்றே எடுத்துவிடுங்கள். 2022 செப்டம்பர் 1 முதல் கேப்சூலில் ஓவியம், கேமின் பெயர், அதிகாரபூர்வத் துணைப்பெயர் மட்டுமே இருக்கலாம். விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதுவும் கூடாது.

மற்ற அளவுகள்: ஹெடர் 920க்கு 430, மெயின் 1232க்கு 706, செங்குத்து 748க்கு 896, லைப்ரரி கேப்சூல் 600க்கு 900. ஒன்றை வெட்டி இன்னொன்று செய்தால் மீனின் வாலோ அவள் கையோ போகும். ஆள், மீன், படகு, வானம், பெயர் என்று தனித்தனி லேயராக வைத்து ஒவ்வொன்றுக்கும் மறுபடி அடுக்குங்கள். லைப்ரரி ஹீரோ 3840க்கு 1240. அதில் எழுத்தே கூடாது, முக்கியமானது நடுவில் 860க்கு 380க்குள் இருக்கட்டும். பெயர் அதன்மேல் தனியாக, பின்னணியில்லாத பிஎன்ஜியாக வரும். பதினான்கு படகையும் அந்த ஹீரோவில் நிறுத்துங்கள், அங்கே இடம் இருக்கிறது.

டிசைனர் அண்ணனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிரிண்ட் பழக்கத்தில் ஃபைல் அச்சுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கேயில் இருக்கும், ஆரஞ்சு செத்துப்போயிருக்கும். தொடக்கத்திலிருந்தே திரைக்கான ஆர்ஜிபியில், எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலில் வேலை செய்யட்டும். 300 டிபிஐ என்ற எண்ணுக்குத் திரையில் பொருளில்லை, பிக்சல் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும். லேயர் பிரிக்காத ஃபைலை வாங்காதீர்கள். உரிமையை எழுத்தில் வாங்குங்கள், கூலியையும் ஒழுங்காகக் கொடுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் குறைந்தது ஐந்து, 1920க்கு 1080ல், விளையாடும்போது எடுத்ததாக. முதல் படம் ஏலக்களமாகவும் விலை ஏறுவது தெரிவதாகவும் இருக்கட்டும்.

ஏற்றுவதற்கு முன் ஸ்டீமில் ‘மீன்பிடி’ வகைக் கேம்களின் தேடல் பட்டியலைப் படமெடுத்து, நடுவில் உங்கள் 120க்கு 45ஐ ஒட்டி, கேம் பற்றித் தெரியாத ஒருவருக்கு ஒரு நொடி காட்டுங்கள். என்ன செய்கிற விளையாட்டு என்று கேளுங்கள். “மீன் விக்கிறாங்க” என்ற பதில் வரும்வரை மாற்றுங்கள். ஏற்றிய பிறகு, கேம் செய்கிறவர்களுக்கு ஸ்டீம் தரும் ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தின் கணக்கில் கண்ணில் பட்டதற்கும் உள்ளே வந்ததற்கும் உள்ள விகிதத்தை, முந்தைய இரண்டு வாரத்தோடு அடுத்த இரண்டு வாரத்தை வைத்துப் பாருங்கள். பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும் வாரங்களைச் சேர்க்காதீர்கள், அப்போது வருகிற கூட்டமே வேறு. ஒப்பிடும் அந்த நான்கு வாரமும் விவரணையையோ டிரெய்லரையோ தொடாதீர்கள், எதனால் மாறியது என்று தெரியாமல் போய்விடும்.

தடைக்கால அப்டேட்டுக்குப் படம் மாற்றலாம். அதற்கான தற்காலிகப் படத்தில் அப்டேட்டின் பெயரை எழுதவும் அனுமதி உண்டு, ஆனால் கேம் ஆதரிக்கும் மொழிகளிலெல்லாம் அந்த வாசகத்தைத் தரவேண்டும். அதிகபட்சம் ஒரு மாதம்தான் நிற்கும். நம் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அப்டேட்டைத் தடை தொடங்கும் நாளில் விடுவதானால் படத்தையும் அன்றே ஏற்றுங்கள். கரையேறி நிற்கும் ஒரு படகு, வலை பின்னும் இரண்டு கைகள், அவ்வளவு போதும்.