ஏஏ கூட்டத்துக்கு எங்கே போவது, எப்படிப் போவது?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் கணவர் கொத்தனார். பல வருடமாகத் தினமும் குடிக்கிறார். போன வாரம் அவரே, "ஏதோ மீட்டிங் நடத்துறாங்களாமே, அங்க வேணா வர்றேன்" என்றார். குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் அந்த ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்ட வேண்டுமா? தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகிறார்.

பதில்: முகவரிக்கு முன்னால் ஒரு விஷயம். காலையில் அவருக்குக் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் போட்டால்தான் கரணையைப் பிடிக்க முடிகிறதா? முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? ஒன்றுக்காவது பதில் 'ஆமாம்' என்றால், நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தாலும் திடீரென நிறுத்தவிடாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே அழைத்துப் போங்கள். மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து மருத்துவர்களே பத்திரமாக நிறுத்திவிடுவார்கள். வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் உடனே 108.

கூட்டத்தைத் தேடவும் அந்த மனநலப் பிரிவே நல்ல இடம். மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளிடம் பேசுவது ஏஏ உறுப்பினர்களின் வழக்கம் என்பதால், அங்குள்ள ஆலோசகர்களுக்குப் பெரும்பாலும் யாரையாவது தெரிந்திருக்கும். ஏஏ இந்தியாவின் இணையதளத்திலும் ஊர்வாரியாகத் தேடலாம். 14446 என்ற மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணில் இலவசமாக விசாரிக்கலாம்.

பட்டியலைப் பார்த்த கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளி அறையிலோ தேவாலயக் கூடத்திலோ நடப்பவை. பரீட்சை, திருவிழா என்றால் இடமோ நேரமோ மாறிவிடும். முதல்முறை துணிந்து வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால், திரும்பும் வழியில் எங்கே நிற்பார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் போன் செய்து கேளுங்கள்: இந்த வாரம் நடக்கிறதா, தமிழிலா, குடும்பத்தினரும் உட்காரலாமா? அப்புறம் மறக்காமல், "முதல்முறை வருகிறோம், வாசலில் யாராவது நிற்பார்களா?" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், முகவரியைவிட அந்த ஆள்தான் முக்கியம். முடிந்தால் உங்கள் கணவரையே அவரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். தானும் குடித்து விழுந்து எழுந்தவர் பேசினால் அது வேறு மாதிரி காதில் ஏறும்.

எந்தக் கிழமை? கட்டட வேலையில் சனிக்கிழமைதான் சம்பளம். சாயங்காலம் கையில் காசு, கூட வேலை செய்தவர்கள், இரவு பத்து வரை திறந்திருக்கும் டாஸ்மாக். மதுரைக்குள் சனிக்கிழமை மாலைக் கூட்டம் கிடைத்தால் அதையே பிடியுங்கள். சம்பளத்தை அன்று உங்களிடம் கொடுத்துவிட்டு, பஸ் காசோடு கிளம்பட்டும். கூட்டம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரியார் நிலையத்திலிருந்து ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும், விருப்பம் இருந்தால் உறுப்பினர்கள் போடுவார்கள். புதிதாக வந்தவர் போட வேண்டாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய விதி. "ஏஏ" என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்டாலோ, வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றாலோ அது ஏஏ அல்ல. தனியார் மறுவாழ்வு மையம் எதுவானாலும், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்துப் பக்கமும் போகாதீர்கள். அதன்மேல் குடித்தால் இதயமே பாதிக்கப்படலாம்.

அவருடைய பயத்துக்கு வருகிறேன். கடை வாசலில் நிற்பதை ஊரே பார்க்கிறது, கூட்டத்துக்குப் போவதைப் பார்த்தால்தான் மானம் போகுமா என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் பயம் பயம்தான். திருமங்கலத்தை விட்டுவிட்டு மதுரைக் கூட்டத்துக்கே போகட்டும். அங்கே முழுப் பெயர், முகவரி கேட்கமாட்டார்கள். "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லி ஒவ்வொருவராகப் பேசுவார்கள். இவர் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை, டீயைக் குடித்துக்கொண்டு கேட்டால் போதும். உள்ளே பேசியதை வெளியே சொல்வதில்லை என்பது அங்கே எல்லோரும் காக்கும் வழக்கம். சாமி கும்பிடுவாரா, எந்த மதம் என்பதெல்லாம் கணக்கில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் சரி.

ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு "எனக்கு ஒத்துவராது" என்பார். வேறு கிழமை, வேறு குழு என்று இன்னும் சில முறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களில் குடிக்காமல் இருந்திருப்பார் என்றால், அதை நினைவுபடுத்துங்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன ஆனது என்பதைக் கூட்டத்தில் சொன்னால், தலையாட்டப் பலர் இருப்பார்கள்.

சனிக்கிழமை வந்ததும் அவர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லவும் கூடும். அப்படியானாலும் நீங்கள் அல்-அனானைப் பற்றி விசாரியுங்கள். குடிப்பவர்களின் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோருக்கான தனி அமைப்பு அது. அங்கே போக அவருடைய சம்மதம் உங்களுக்குத் தேவையில்லை.