யு.சி. கேட்டால் கோபம் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: அரசுப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனம் கணக்குக் காட்டத்தான் வேண்டும், யு.சி. (பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ்) கொடுக்கத்தான் வேண்டும் என்று. அதற்கு மண்டபத்தில் இருந்து தொண்டி வரைக்கும் கடிதம் வந்து குவிந்துவிட்டது. பாதிப் பேர் பாராட்டு, பாதிப் பேர் வசவு. ஆகவே இந்தத் தடவை முழுக்க அதுதான்.

காக்கா (அண்ணன்), அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களுக்கு அரசு பணம் கொடுப்பதில் ஒரே சண்டையாமே, என்னதான் விஷயம்? (வாசகர், கீழக்கரை)

புதுச் சண்டை இல்லை தம்பி. ரீகன் அதிபராக இருந்த எண்பதுகளில் இருந்தே அங்கே வலதுசாரிகள் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான்: எங்களை எதிர்த்து வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் வரிப்பணத்தில் எதற்குச் சம்பளம்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசு மானியத்தை எடுத்து லாபி வேலைக்கு (சட்டம் போடுகிறவர்களைத் தன் பக்கம் இழுக்கும் வேலைக்கு) செலவழிக்கக் கூடாது என்று அங்கே ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அது போதாது என்று 1995-ல் ஒக்லஹோமா எம்.பி. எர்னஸ்ட் இஸ்டூக் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மானியம் வாங்கும் அமைப்பு தன் சொந்த நன்கொடைப் பணத்தில் கூட ஓர் அளவுக்கு மேல் கொள்கைப் பிரச்சாரம் செய்யக் கூடாது என்றது அது. ரேஷன் அரிசி வாங்கினவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரேஷன் கடையைத் திட்டக் கூடாது என்கிற மாதிரி! அது நிறைவேறவில்லை. 2009-ல் அக்கார்ன் என்ற அமைப்பு மாட்டிக்கொண்டது. ஏழைகளுக்கு வீட்டு வசதி, வாக்காளர் பதிவு என்று வேலை செய்தவர்கள். ரகசியக் கேமராவில் எடுத்த சில வீடியோக்கள் வெளியானதும் நாடாளுமன்றம் பணத்தை வெட்டியது, அடுத்த வருடம் கடையை மூடிவிட்டார்கள். 2025 ஜனவரி 20-ல் டிரம்ப் பதவியேற்ற அன்றே வெளிநாட்டு உதவிகளை 90 நாள் நிறுத்தி வைத்தார். 1961-ல் தொடங்கிய, வெளிநாட்டு உதவிக்கான அரசு நிறுவனம் யு.எஸ்.எய்டு அந்த ஜூலையோடு வெளியுறவுத் துறைக்குள் கரைந்துபோனது.

எதிர்த்தரப்பும் சும்மா இருந்ததில்லை. 2001-ல் அதிபர் புஷ் வெள்ளை மாளிகையில் சமய அமைப்புகளுக்கென்று ஓர் அலுவலகம் திறந்தபோது, மதப் பிரச்சாரத்துக்கு எங்கள் வரிப்பணமா என்று கொதித்தவர்கள் இடதுசாரிப் பக்கத்துக்காரர்கள். நம்ம ஆள் வாங்கினால் சேவை, எதிராளி வாங்கினால் அரசியல்.

இங்கேயும் நம்ம வரிப்பணத்தில் சங்கம் நடத்துகிறவர்கள்தானே மீனவர்களைத் தூண்டிவிடுகிறார்கள்? (வாசகர், மண்டபம்)

இதற்கு நான் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் இதே கடற்கரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம், தலைவர் இன்னும் எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறார்.

கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு மாற்றுத் தொழில் பயிற்சி என்று ஓர் அரசுத் திட்டம், நாற்பது பேருக்குப் பணம் வந்தது. தேதியை யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அது அமாவாசையை ஒட்டிய நாள். தண்ணீர் வற்றும் நாளில் இந்தப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு விடியலிலேயே தீவுப் பக்கம் போய்விடுவார்கள். மாதத்தில் கொஞ்ச நாள்தான் அந்த வேலை, அதை விட்டுவிட்டு மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொள்ள யார் வருவார்? வந்தது இருபத்து மூன்று பேர். சாயங்காலம் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் நாற்பது கையெழுத்து. கடைசிப் பதினேழும் ஒரே நீலப் பேனாவில், ஒரே சாய்வில். நாற்பது பேருக்கு டீ, வடை, சாப்பாடு என்று வவுச்சர் எழுதியது நான்தான். யு.சி.யும் போய்ச் சேர்ந்தது. ஒருவர் கூடக் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, எங்கள் களப்பணியாளர் ஒருவர் அதே பெண்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போனார். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா ஆனதில் இருந்து தீவுப் பக்கம் போனாலே கெடுபிடி, அபராதம். எங்கள் பிழைப்புக்கு என்ன வழி என்று மனு. ஒரே வாரத்தில் ஒரு துறையில் இருந்து கடிதம் வந்துவிட்டது: மூன்று வருடக் கணக்கைக் கொண்டு வா.

கணக்குப் பொய்யாக இருந்தபோது கேட்காதவர்கள், வாய் திறந்ததும் கேட்டார்கள். அது அநியாயம்தான். ஆனால் எங்களால் நெஞ்சை நிமிர்த்தி அந்தப் பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்ட முடிந்ததா? தலைவர் ராமநாதபுரத்துக்கு இரண்டு நடை போய்வந்தார், அப்புறம் அந்த மனுவைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. பெண்கள் மட்டும் அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை யாரும் தூண்டவில்லை மண்டபத்தாரே. எங்களை விட்டுவிட்டு முன்னே போனார்கள் என்பதுதான் உண்மை.

கூடங்குளம் போராட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்ததே, அதுவும் இதில் சேர்த்தியா? (வாசகர், ஏர்வாடி)

வந்தது என்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் 2012-ல் ஒரு பேட்டியில் சொன்னார், போராடியவர்கள் மறுத்தார்கள், சில தொண்டு நிறுவனங்கள் மேல் நடவடிக்கை பாய்ந்தது. ஆனால் வெளிநாட்டு நன்கொடை வேறு, வரிப்பணம் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். வெளிநாட்டுப் பணத்துக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் 1976-ல் நெருக்கடி நிலையில் வந்தது, 2010-ல் காங்கிரஸ் ஆட்சி அதைப் புதிதாக எழுதியது, 2020-ல் பா.ஜ.க. ஆட்சி இன்னும் இறுக்கியது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்தில் இருந்து 20 ஆனது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவும் தடை வந்தது. பெரிய நிறுவனத்திடம் வாங்கி ஊருக்குள் வேலை பார்த்த சின்னச் சங்கங்களுக்குத்தான் இதில் அடி. அதே வருடம் மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: கட்சி அரசியலோடு தொடர்பு இல்லாமல், மக்கள் உரிமைக்காக நடக்கும் பந்த், மறியலை ஆதரித்ததற்காகவே ஓர் அமைப்பை அரசியல் அமைப்பு என்று சொல்லி வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்க முடியாது. இதை யாரும் டீக்கடையில் சொல்வதில்லை.

நீங்கள் எந்தக் கட்சி? (வாசகர், தேவிபட்டினம்)

வட்டிக் கட்சி. வங்கிக்குப் போனால் தெரியும்.

எங்கள் மகளிர் குழுவுக்கு அரசுத் திட்டத்தில் பணம் வருகிறது. அதனால் மனு, போராட்டம் என்று போகக் கூடாது என்கிறார்கள். நிஜமாகவா அண்ணே? (வாசகி, தங்கச்சிமடம்)

யார் சொன்னது தங்கச்சி? எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள். உங்கள் குழுவுக்கு வருவதில் பெரும்பகுதி வங்கிக் கடன்தானே, வட்டியோடு கட்டுகிறீர்கள். கடன் வாங்கினவர் வாயைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது குடிமக்களாக நீங்கள் செய்வது. ஒரே ஒரு எச்சரிக்கை: குழுப் பணத்தில் வேன் பிடித்துப் போகாதீர்கள். ஆளுக்குக் கொஞ்சம் தனியாகப் போட்டு, அதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் அரசுப் பணத்தை என்ன செய்கிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கேட்பது? (வாசகர், தொண்டி)

நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகவும், ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்பவை பத்து சதவீதம் கூட இல்லை என்றும் சி.பி.ஐ.யே 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உங்கள் ஊர் மட்டும் விதிவிலக்கா? 2019-ல் அதே நீதிமன்றம், அரசிடம் கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் 'கணிசம்' என்றால் எவ்வளவு என்று அவர்கள் இழுத்தடிப்பார்கள். அதனால் நிறுவனத்தை விட்டுவிட்டு, பணம் கொடுத்த அரசுத் துறையிடம் கேளுங்கள். மாநிலத் துறை என்றால் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, தமிழிலேயே எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நிதி ஒதுக்கீட்டு ஆணை, யு.சி., தணிக்கை அறிக்கை மூன்றின் நகலும் கேளுங்கள். அவர்கள் ஏதாவது போராட்டத்தில் நிற்கிறார்கள் என்ற கோபத்தில் கேட்கிறீர்களோ, நிஜமாகவே சந்தேகத்தில் கேட்கிறீர்களோ, அது உங்கள் மனசுக்குத்தான் தெரியும், சட்டம் காரணம் கேட்பதில்லை. பயிற்சி நடத்தியதாகச் சொன்னால் வருகைப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். கையெழுத்துகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், முக்கியமாகக் கடைசிப் பக்கம்.