இரண்டு விடையும் சரி போலத் தெரிகிறதா?

கேள்வி: பிளஸ் டூ படித்துக்கொண்டே தேசியச் சட்டப் பல்கலைகளுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குத் தயாராகிறேன். லாஜிக்கல் ரீசனிங்கில் (தர்க்கப் பகுதியில்) 'அசம்ப்ஷன் எது?', அதாவது வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருப்பது எது என்று கேட்டால் எப்போதும் இரண்டு விடைகள் சரியாகத் தெரிகின்றன. கோச்சிங் சென்டரில் 'ஷார்ட்கட்' புத்தகம் தனியாக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா மேடம்?
- மாணவி, பொள்ளாச்சி

பதில்: வாங்காதேம்மா. அந்தப் புத்தகங்களில் பாதி ரத்த உறவு, திசை, உட்காரும் வரிசைப் புதிர்கள். 2020-லிருந்து கிளாட்டில் பெரும்பாலும் பத்தியைக் கொடுத்து வாதத்தை அலசச் சொல்கிறார்கள். பழைய சரக்கை அட்டை மாற்றி விற்கிறார்கள். தேர்வை நடத்தும் கன்சார்டியத்தின் (தேசியச் சட்டப் பல்கலைகளின் கூட்டமைப்பு) இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன, அவையே போதும்.

உன் சிக்கலுக்கு வருவோம். 'ஹெல்மெட் அபராதத்தை உயர்த்தினார்கள். மறு வருடம் விபத்துச் சாவு குறைந்தது. ஆகவே அபராதம்தான் காரணம்.' இதன் அசம்ப்ஷன் எது? (அ) எல்லோரும் ஹெல்மெட் போட்டார்கள். (ஆ) சாவு குறைய வேறு காரணம் இல்லை. ஒவ்வொன்றையும் மறுத்துப் பார். சிலர் போடவில்லை என்றாலும் வாதம் நிற்கிறது. வேறு காரணம்தான் என்றால் வாதம் படுத்துவிடும். விடை (ஆ).

'எல்லோரும்', 'மட்டுமே', 'ஒருபோதும்' என்று அடித்துப் பேசும் விடையைச் சந்தேகப்படு. ஆனால் ஒன்று, இதை இரண்டு தடவை படி: 'பின்வருவது உண்மையானால் எது வாதத்தைப் பலவீனமாக்கும்?' என்று கேட்டால் இந்த விதி செல்லாது. அங்கே விடையை உண்மை என்று அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். 'அந்த வருடம் முழுவதும் நகரின் எல்லாப் பிரதான சாலைகளும் மூடிக் கிடந்தன' என்பது அடித்துப் பேசுவதுதான். அதுதான் சரியான விடையும். 'பலப்படுத்துவது எது' என்றாலும் இதே கதை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான்.

இரண்டில் ஒன்று என்று வந்துவிட்டால் துணிந்து குறி. தப்பானால் கால் மதிப்பெண்தான் போகும். 120 நிமிடத்தில் 120 கேள்வி, அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளையின் தர்க்க அறிவை இப்படித்தான் அளக்கிறார்களாம்!

'திருச்சி தேசியச் சட்டப் பல்கலையில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட் இருக்கிறது' என்று எவராவது போன் செய்தால் உடனே வைத்துவிடு. முன்பணம் ஒரு ரூபாய் கொடுத்தாலும் திரும்பாது. தமிழக அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் சென்னை சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, கிளாட் வேண்டாம். அந்த விண்ணப்பத்தையும் தவறாமல் போட்டு வை.