எது சூறாவளி? – கடிதமும் பதிலும்

அன்பின் எழுத்தாளருக்கு,

2011ஆம் ஆண்டுச் சூறாவளிகளைப் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். அமெரிக்காவின் ஜோப்ளின் நகரைச் ‘சூறாவளி’ 38 நிமிடத்தில் அழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்குச் சூறாவளி என்றால் அது 1978 நவம்பர் 23. இரவு முழுக்க அடித்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. விடிந்து பார்த்தால் ஒரு தென்னை நிமிர்ந்து நிற்கவில்லை. அரை மணித்தியாலத்தில் முடிந்துபோவதை எப்படிச் சூறாவளி என்கிறீர்கள்? இன்னொன்று, தலைப்பில் ‘உலகெங்கும்’ என்று போட்டுவிட்டு உள்ளே அமெரிக்காவை மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். வேறெங்கும் ஒன்றும் நடக்கவில்லையா? அத்தனை வசதியுள்ள நாட்டில் ஒரே ஆண்டில் 553 பேர் எப்படிச் செத்தார்கள் என்பதும் விளங்கவில்லை.

ச., மட்டக்களப்பு

அன்புள்ள ச.,

சொல் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். ஆனால் பழியை எங்கள் ஊர்ப் பத்திரிகைகளோடு கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் வங்கக்கடலிலிருந்து வந்தால் அது புயல். அமெரிக்காவில் எது அடித்தாலும், கடலிலிருந்து வரும் ஹரிகேனோ நிலத்தில் இறங்கும் டொர்னேடோவோ, எங்களுக்குச் சூறாவளி. உங்கள் பக்கத்தில் புயலுக்கே அந்தப் பெயர். 900 பேருக்கு மேல் பலிகொண்ட ஒன்றுக்கு ஓர் ஊரே சேர்ந்து வைத்த பெயரை நான் மாற்றச் சொல்ல முடியாது. சூறை என்றால் கொள்ளை என்றும் பொருள், சூறையாடுவது என்கிறோமே. அப்படிப் பார்த்தால் வந்த வேகத்தில் அள்ளிக்கொண்டு போகும் டொர்னேடோவுக்கும் அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. இருந்தாலும் இந்தப் பதிலில் டொர்னேடோ என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம்.

இரண்டுக்கும் காற்று சுழல்வதைத் தவிர ஒற்றுமை குறைவு. உங்கள் 78 சூறாவளி கடலில் நாள்கணக்கில் வளர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி வந்தது. டொர்னேடோ ஒற்றை இடிமேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கை மாதிரி இறங்குவது. பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான். தெருவின் இந்தப் பக்கம் வீடே இருக்காது, அந்தப் பக்கம் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

அடுத்து, உலகம். 2011இல் மற்ற இடங்களிலும் நடந்தது. மே 3 அன்று நியூசிலாந்தில் ஆக்லாந்தின் ஆல்பனி பகுதியில் ஒன்று இறங்கி ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் 21 அன்று கனடாவின் காட்ரிச் என்ற சிறிய ஏரிக்கரை ஊரில் நகர நடுவையே பெயர்த்துப் போட்டது, அங்கும் ஒரு மரணம். இவற்றை விட்டது என் சோம்பேறித்தனம். ஆனால் ‘உலக டொர்னேடோச் சேதம், ஆண்டு 2011’ என்று ஒரு முழுப் பட்டியல் கேட்டால், அப்படி ஒன்றை நேர்மையாகத் தயாரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம் அளக்கும் முறையிலேயே இருக்கிறது.

டொர்னேடோவின் வேகத்தைப் பெரும்பாலும் யாரும் நேரே அளப்பதில்லை. அது போன பிறகு, எதை உடைத்தது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 1971இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் டெட் ஃபுஜிட்டா, ஜப்பானில் பிறந்தவர். இளம் வயதில் நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் போய், விழுந்து கிடந்தவற்றின் திசையை வைத்து குண்டு வெடித்த உயரத்தைக் கணக்குப் போட்ட மனிதர். அதே கண்ணோடுதான் பிற்பாடு அமெரிக்க வயல்களையும் பார்த்தார். 2007இல் அளவுகோலைத் திருத்தினார்கள், அடிப்படை மாறவில்லை. வீடு எப்படிக் கட்டப்பட்டிருந்தது, அதில் என்ன மிச்சம் என்பதிலிருந்து காற்றை ஊகிப்பது.

அப்படியானால் உடைவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில்? 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே 4 கிலோமீட்டருக்கு மேல் அகலமான டொர்னேடோ ஒன்று வந்தது. நடமாடும் ராடார்கள் அதில் மணிக்கு 450 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றைப் பதிவு செய்தன. உச்சமான 5ஆம் நிலைக்கு 322 போதும். ஆனால் அது பெரும்பாலும் வெட்டவெளியில் போனதால் கிடைத்தது 3தான்.

இதை அப்படியே வங்கதேசத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாத்தூரியா ஊர்களை ஒரு டொர்னேடோ துடைத்துவிட்டது. சுமார் 1,300 பேர் இறந்ததாகக் கணக்கு. உலகில் அதிக உயிர் குடித்த டொர்னேடோ அதுதான். வங்கக்கடலின் ஈரக்காற்றும் வடமேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சித்திரை வைகாசியில் அங்கே மோதுகின்றன. அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் செய்கிற அதே வேலை. ஆனால் தகர வீடு எந்தக் காற்றுக்கும் பறக்கும், அதை வைத்து எந்த மதிப்பெண்ணைப் போடுவது? ஜோப்ளினின் சேதம் கிட்டத்தட்ட 280 கோடி டாலர் என்று எழுத முடிகிறது, ஏனென்றால் அங்கே காப்பீடும் ரசீதும் இருந்தன. சாத்தூரியாவின் தகரத்தை டாலராக மாற்றினால் வரும் தொகையைப் பக்கத்தில் வைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சரி, 553 பேர். 2011 ஏப்ரலில் மட்டும் அமெரிக்காவில் 758 டொர்னேடோக்கள். 27ஆம் தேதி அலபாமாவில் விடிகாலையிலேயே ஒரு சுற்று அடித்து மின்கம்பிகளை அறுத்துவிட்டது. பிற்பகலில் கொடூரமானவை வந்தபோது பலருடைய தொலைக்காட்சி அணைந்திருந்தது. அன்று ஹாக்கல்பர்க் என்ற ஊரைத் தாக்கிய டொர்னேடோ ஒன்றே 72 பேரைக் கொன்றது. அதே மாநிலத்தின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் போய் மூன்று உலைகளும் நின்றன. ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. நல்லவேளை, அங்கே டீசல் ஜெனரேட்டர்கள் ஓடின.

ஜோப்ளினில் நடந்தது வேறு. மே 22, ஞாயிறு மாலை. 5:11க்கு அபாயச் சங்கு ஒலித்தது. டொர்னேடோ நகர ஓரத்தில் தரையைத் தொட்டது 5:34க்கு. இருபது நிமிடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது, ஆனால் நிறையப் பேர் அசையவில்லை. அந்தச் சங்கு அடிக்கடி ஒலிக்கும், ஒன்றும் வராது. வாசலில் வந்து வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டார்கள். சங்கு மறுபடி ஒலித்தபோது மணி 5:38. அதற்குள் அது வந்துவிட்டது, அதுவும் மழைத்திரைக்குள் ஒளிந்துகொண்டு. நம்பி ஓடியவர்களுக்கும் இடமில்லை, ஐந்தில் நான்கு வீடுகளில் நிலவறையே கிடையாது. 158 பேர் நேரடியாக அதில் இறந்தார்கள். 1947க்குப் பிறகு அமெரிக்காவில் ஒற்றை டொர்னேடோ அத்தனை பேரைக் கொன்றதில்லை.

அந்த ஊரின் பெரிய மருத்துவமனை விழவில்லை. கான்கிரீட் கட்டடம் நின்றது. ஆனால் கண்ணாடி எல்லாம் போய், மின்சாரம் போய், மாற்று மின்சாரமும் போய், மூச்சுக்கருவியை நம்பிப் படுத்திருந்தவர்கள் இறந்தார்கள். அங்கிருந்த எக்ஸ்ரே படங்கள் பக்கத்து மாவட்டங்களில் போய் விழுந்தன. வசதியுள்ள நாட்டில் எப்படி என்று கேட்டீர்களே, அந்த வசதிகள் ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன என்பதுதான் நான் கண்ட பதில்.

பழைய குறிப்பின் தலைப்பிலிருந்து ‘உலகெங்கும்’ என்பதை எடுத்துவிட்டேன். சூறாவளியை டொர்னேடோ ஆக்கியாயிற்று.

அப்புறம், 78இல் உங்களுக்கு முன்னறிவிப்பு என்று ஏதாவது வந்ததா? வானொலியில் சொன்னார்களா, அந்த இரவு வீட்டில் எங்கே ஒதுங்கினீர்கள்? முடிந்தால் எழுதுங்கள்.