ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. இரண்டு ஆண்டுகளாகக் கால்பந்து கிளப்பில் விளையாடுகிறான். எல்லா ஆட்டங்களுக்கும் நான் போய், கோட்டருகே நின்று குரல் கொடுப்பேன். திரும்பும் வழியில் அவன் செய்த தவறுகளை விளக்குவேன். சில வாரங்களாக ஆட்டத்தன்று காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். பயிற்சிக்கு மட்டும் ஆசையாகப் போகிறான். அங்கே நான் போவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்: பயிற்சிக்கு ஆசையாகப் போகிறான் என்றால் கால்பந்து அவனுக்குக் கசக்கவில்லை. மற்ற நாட்களிலும் வலி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டத்தன்று மட்டும் வருகிறதென்றால், அது பெரும்பாலும் பதற்றம். ஆனால் நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்; பதற்றத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும்.

முதலில் மாற்ற வேண்டியது அந்தத் திரும்பும் பயணம். எந்தப் பந்தைத் தவறவிட்டோம் என்பது அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். வியர்வை காய்வதற்குள் அதையே மறுபடி கேட்கும்போது, திருத்தம் அவன் காதில் விழுவதில்லை, அப்பாவின் ஏமாற்றம்தான் விழுகிறது. தண்ணீர் வேண்டுமா, பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பேச்சை அவன் தொடங்கட்டும். "எப்படி விளையாடினேன்?" என்று அவனே கேட்டால், கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லுங்கள்: "பந்து பறிபோனதும் சோர்ந்து நிற்காமல் திரும்பி ஓடினாயே, அது எனக்குப் பிடித்தது." ஐந்து கோல் வாங்கித் தோற்ற நாளில் "பிரமாதம்" என்று சொல்ல வேண்டாம். பிள்ளைகள் பொய்ப் பாராட்டை உடனே கண்டுகொள்வார்கள்.

கோட்டருகே நின்று "அடி, பாஸ் கொடு" என்று கத்துவதையும் நிறுத்துங்கள். பந்து காலில் இருக்கும் அந்த ஒரு நொடியில் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்பதா, அப்பா சொல்வதைக் கேட்பதா என்று அவன் தவிக்கிறான். கை தட்டுங்கள், எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கும் சேர்த்து. நடுவரோடு வாதம் வேண்டவே வேண்டாம். சிறுவர் ஆட்டங்களில் விசில் ஊதுபவரே பல நேரம் பதின்பருவத்துப் பிள்ளையாக இருப்பார்.

இதையெல்லாம் சத்தமில்லாமல் மாற்றினால் போதாது. "நான் அதிகம் பேசிவிட்டேன். மைதானத்தில் நான் எப்படி இருந்தால் உனக்குப் பிடிக்கும்?" என்று அவனிடமே கேளுங்கள். இரண்டு ஆட்டங்களுக்கு வர வேண்டாம் என்று அவன் சொல்லக்கூடும். வலிக்கும்தான், ஆனாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரையில், இப்படிக் கேட்கத் துணிந்த பெற்றோரைப் பிள்ளைகளே மறுபடி மைதானத்துக்கு அழைக்கிறார்கள்.

அணியில் வாய்ப்பு குறைந்தால் நீங்கள் சிபாரிசுக்குப் போகாதீர்கள். "நான் எதில் தேற வேண்டும்?" என்று அவனே பயிற்சியாளரிடம் கேட்கட்டும்; 11 வயதில் அது முடியும். காயம், அவமதிப்பு, பாதுகாப்பு என்றால் மட்டும் தயங்காமல் நீங்களே பேசுங்கள். சக வீரர்களோடு ஒப்பிடவும் வேண்டாம். ஒரே வயதுப் பிரிவில் ஏறக்குறைய ஓராண்டு மூத்தவர்களும் இருப்பார்கள்; அந்த வளர்த்தியைத்தான் பலர் திறமை என்று எண்ணிவிடுகிறார்கள்.

உடம்பையும் கவனியுங்கள். வாரப் பயிற்சி நேரம் வயதின் எண்ணைத் தாண்டக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு; உங்கள் மகனுக்கு 11 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும், இரவில் 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கமும் வேண்டும். வளரும் வயதில் குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழோ வலி நீடித்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் அன்று மீண்டும் களமிறங்கவே கூடாது. மருத்துவர் பார்க்க வேண்டும்.

நான்கைந்து ஆட்டங்கள் இப்படிப் போன பிறகும் வயிற்று வலி தொடர்ந்தால் காரணம் வேறாக இருக்கலாம். அணியில் யாராவது கேலி செய்கிறார்களா, பயிற்சியாளர் கடுமையாகப் பேசுகிறாரா என்று தனிமையில் கேளுங்கள். அப்போதும் குறுக்கே பேசாமல் அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள்.